ஏற்காடு மலையில் நான்கே வருடத்தில் பச்சை இவ்வளவு குறைந்துவிட்டதா? செயற்கைக்கோள் வரைபடம் பற்றிச் சந்தேகம்

கருப்பூர்க் குருவி:
எல்லோருக்கும் வணக்கம். புவியியல் முதுகலை, கடைசி ஆண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் தாவரப் பரப்பும் நிலப் பயன்பாடும் எப்படி மாறியிருக்கின்றன என்பது என் ஆய்வு. கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்து, 2019 ஜனவரியையும் 2023 ஜனவரியையும் ஒப்பிட்டேன். மேகம் குறைவான படங்கள் மட்டும்தான். என்டிவிஐ, அதாவது பச்சை எவ்வளவு என்று காட்டும் குறியீடு, போட்டால் மலை முழுக்க மதிப்பு விழுகிறது. 2019-ல் 0.75 காட்டிய இடம் 2023-ல் 0.5-ஐக்கூடத் தொடவில்லை. பச்சையாக இருந்ததெல்லாம் மஞ்சள். வகுப்பில் காட்டியபோது, "காடழிப்பு என்றே தலைப்பு வைத்துவிடு" என்றார்கள். ஆனால் சமீபத்தில் ஏற்காடு போய்வந்தேன். பாதி மலை மொட்டையான மாதிரி எனக்குத் தெரியவில்லை. எங்கே இடிக்கிறது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எங்கேயும் இடிக்கவில்லை. ஏரியைச் சுற்றி எத்தனை விடுதிகள் முளைத்திருக்கின்றன என்று பார்த்தாலே தெரியும். மேலிருந்து எடுத்த படம் யாருக்கும் பயந்து பொய் சொல்லாது. தைரியமாகத் தலைப்பு வையுங்கள்.

பிக்சல்பித்தன்:
கொஞ்சம் பொறுங்கள். மரம் வெட்டினால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஓரிடத்தில் வெட்டியிருப்பார்கள், பக்கத்திலேயே விட்டிருப்பார்கள். காடு, தோட்டம், புதர் என்று பாராமல் மலை முழுக்க ஒரே மாதிரி விழுகிறது என்றால் கோடாரியைத் தேடிப் பயனில்லை, கணக்கைத்தான் தேட வேண்டும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். எர்த் எஞ்சினில் எந்தப் படத் தொகுப்பை அழைத்தீர்கள், எஸ்டூ எஸ்ஆர் மட்டுமா, அல்லது பின்னால் ஹார்மனைஸ்டு என்று இருப்பதா? அப்புறம், என்டிவிஐயை ஒதுக்கிவிட்டு சிவப்பு ஒளியைப் பதியும் பட்டையின் மூல எண்ணைப் பாருங்கள். அடர்ந்த தோட்டம் ஒன்று, காமலாபுரம் விமான நிலைய ஓடுபாதை ஒன்று. இரண்டு வருடத்துக்கும்.

கருப்பூர்க் குருவி:
ஹார்மனைஸ்டு இல்லை அண்ணா, பழைய நிரல் ஒன்றில் இருந்ததை அப்படியே எடுத்தேன். பார்த்துவிட்டேன். ஓடுபாதை, தோட்டம் இரண்டிலும் 2023-ல் எண் ஏறத்தாழ ஆயிரம் கூடியிருக்கிறது. ஓடுபாதைக்கு என்ன ஆகியிருக்கும்?

பிக்சல்பித்தன்:
ஓடுபாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைப் பதப்படுத்தும் முறையை மாற்றிக்கொண்டது. மிக இருட்டான இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் தகவல் வெட்டுப்பட்டுப் போகும். அதைத் தவிர்க்க எல்லாப் பட்டைகளிலும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். படத்தைப் பயன்படுத்துகிறவர் அந்த ஆயிரத்தைக் கழித்துவிட்டு 10000-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் 2019 படத்தில் அந்த ஆயிரம் இல்லை, 2023 படத்தில் இருக்கிறது.

அது என்டிவிஐயை என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு: அண்மை அகச்சிவப்பு (இலை அதிகம் எதிரொளிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) 3000, சிவப்பு 400 என்று வைப்போம். வித்தியாசம் 2600, கூட்டுத்தொகை 3400. வகுத்தால் 0.76. இப்போது இரண்டிலும் ஆயிரம் சேர்த்தால் வித்தியாசம் அதே 2600, கூட்டுத்தொகையோ 5400. விடை 0.48. ஒரு இலைகூட உதிராமல் உங்கள் மலை மஞ்சளாகிவிட்டது.

ஹார்மனைஸ்டு தொகுப்பில் இதை அவர்களே கழித்துக் கொடுக்கிறார்கள். நிரலில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

லேண்ட்சாட், அதாவது அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் படங்களை, எடுக்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே வகைக் குழி உண்டு. இரண்டாம் தொகுப்பின் பிரதிபலிப்புப் படங்களை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்த பிறகுதான் என்டிவிஐ போட வேண்டும். பட்டை எண்களும் ஒன்றல்ல. லேண்ட்சாட் 5-ல் சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4. லேண்ட்சாட் 8-ல் சிவப்பு 4, அண்மை அகச்சிவப்பு 5. ஐந்துக்கு எழுதிய நிரலை எட்டுக்கு ஓட்டினால் பச்சைக்கும் சிவப்புக்கும் விகிதம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அப்படியானால் ஏற்காட்டில் எதுவுமே நடக்கவில்லை என்கிறீர்களா?

பிக்சல்பித்தன்:
அப்படிச் சொல்லவில்லை. இந்தப் படம் அதைக் காட்டவில்லை என்கிறேன்.

கருப்பூர்க் குருவி:
மாற்றி ஓட்டினேன். வீழ்ச்சி கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. நன்றி அண்ணா.

ஆனால் இப்போது தலைவலி மறுபக்கம். நான்கு வருடம் போதாது என்று 1990 லேண்ட்சாட் 5 படத்தையும் 2023 லேண்ட்சாட் 8 படத்தையும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையில் வகைப்படுத்தினேன். காடு, தோட்டம், வயல், புதர், கட்டடம், நீர், வெற்றுநிலம் என்று ஏழு வகை. மலையில் காடு கூடியிருக்கிறது என்று வருகிறது! நிரலில் பிழை இல்லை, மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். படத்தை இணைத்திருக்கிறேன்.

மிளகுக்கொடி:
எங்கள் தோட்டம் நாகலூர்ப் பக்கம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் காப்பித் தோட்டம் முழுவதையும் அடர்ந்த காடு என்று போட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் காட்டினேன், "இதை வனத்துறை பார்க்காமல் இருக்கட்டும்" என்று சிரித்தார்.

கோபமில்லை. மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இங்கே காப்பி வெட்டவெளியில் வளர்வதில்லை. மேலே சில்வர் ஓக், பலா, அத்தி, இன்னும் சில நாட்டு மரங்கள். அந்த மரங்களில் மிளகு ஏறியிருக்கும். நடுவில் ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் கீழேதான் காப்பி. செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தட்டு மட்டும். காப்பி இருப்பதே அதற்குத் தெரியாது.

இன்னொன்று. மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வோம். கிளை கழித்த மாதத்தில் எடுத்த படத்தில் தோட்டம் மெலிந்து தெரியும். அதைப் பார்த்து யாராவது அழிந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் தப்பு.

பிக்சல்பித்தன்:
இதுதான் விஷயம். அரசின் கணக்கிலும் இதே நிலைதான். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வன நிலை அறிக்கை வெளியிடுகிறது. அதன் வரையறையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானம், அதாவது மேலிருந்து தெரியும் இலைக்கூரை, 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, சட்டப்படி என்ன வகை, என்ன மரம் என்று பார்ப்பதில்லை. 70 சதவீதத்துக்கு மேல் மிக அடர்த்தி, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. பட்டா நிலத்துக் காப்பித் தோட்டம், மாந்தோப்பு, தென்னந்தோப்பு எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆகவே சேலம் மாவட்டத்தில் வனப் பரப்பு இவ்வளவு என்று எங்காவது படித்தால், காப்புக்காடு எவ்வளவு என்று அதற்கு அர்த்தமில்லை.

பழைய சர்வேயர்:
படித்துக்கொண்டு வந்தேன், இடையில் ஒரு வார்த்தை.

1990-லிருந்து தொடங்கினால் மாற்றம் கொஞ்சமாகத்தான் தெரியும், காரணம் இருக்கிறது. இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். அதற்கடுத்த பல பத்தாண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மலையின் மேற்பரப்பைத் தோட்டமாக மாற்றினார்கள். முதல் லேண்ட்சாட் மேலே போனது 1972 ஜூலையில். இடையில் ஒன்றரை நூற்றாண்டு. பெரிய மாற்றம் முடிந்து, மண் ஆறி, நிழல் மரம் வளர்ந்து நின்ற பிறகுதான் வானத்தில் கண் வந்தது. தங்கச்சியின் 1990 படத்தில் இருப்பது பழைய காடு என்று நினைத்துக்கொண்டு ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

ஒரு வழி சொல்கிறேன். சர்வே ஆஃப் இந்தியாவின் '58 ஐ' என்ற வரிசை நிலவரைபடத் தாள்களில் காப்புக்காட்டு எல்லை குறித்திருக்கும். ஏற்காடு 58 ஐ/1-ல் வரும். அந்த எல்லையைக் கணினியில் வரைந்து உங்கள் படத்தின் மேலே போடுங்கள். எல்லைக்குள் மரப்பரப்பு, எல்லைக்கு வெளியே மரப்பரப்பு என்று இரண்டாகப் பிரியுங்கள். 'காடு' என்ற வகையை எடுத்துவிடலாம்.

அப்புறம், இந்த மலையின் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களைச் சுற்றி ராகியும் சாமையும் போட்ட நிலங்கள் உண்டு. அவை தோட்டத்துக்கு நடுவே சிறு சிறு துண்டுகள். 1990-ல் ராகி, இப்போது காப்பியும் சில்வர் ஓக்கும் என்று மாறிய துண்டு எதுவானாலும் உங்கள் படத்தில் காடு கூடியதாக விழும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
இது எனக்குப் புதுச் செய்தி. ராகி நிலம் போனால் வரைபடம் அதைப் பசுமை வளர்ச்சி என்று கொண்டாடுமா? அப்படியானால் நாட்டு மரத்தை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நட்டாலும் வரைபடம் வாயைத் திறக்காதுதானே?

மிளகுக்கொடி:
திறக்காது. அது நடந்துகொண்டும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளரும், மிளகுக்குத் தோது, சீக்கிரம் பருக்கும், அவசரத்துக்கு விற்றுக் காசாக்கலாம். அத்தி மரத்தை வைத்துக்கொண்டு பறவைக்கு விருந்து வைக்கலாம், வங்கிக் கடன் அடைக்க முடியாது. காப்பி விலை படுத்த வருடங்களில் தோட்டக்காரர்கள் எதைப் பார்த்தார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் மண்ணில் விழும் சருகு, ஈரம், பறவை எல்லாம் மாறிவிடுகின்றன. அதைப் பச்சை அளவை வைத்துச் சொல்ல முடியாது.

பிக்சல்பித்தன்:
ஒத்துக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டையாரின் சந்தேகம் சரியான இடத்தில்தான் இருந்தது, அளவுகோல்தான் தவறு. என்டிவிஐ அடர்ந்த விதானத்தில் ஓரளவுக்கு மேல் ஏறாது. 0.8-ஐ ஒட்டி நின்றுவிடும். அங்கே சோலைக்கும் (மலைமேல் இயற்கையாக வளர்ந்த பசுமைமாறாக் காடு) சில்வர் ஓக் தோட்டத்துக்கும் வித்தியாசம் கேட்டால் பதில் வராது.

பிரிக்க வேண்டுமானால் பருவத்தைப் பிடிக்க வேண்டும். மலையின் அடிவாரத்திலும் கீழ்ச்சரிவுகளிலும் இருப்பது வறண்ட இலையுதிர் காடு. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் அதுவும் பச்சை, மேலே தோட்டமும் பச்சை, இரண்டும் ஒன்றாகவே தெரியும். மார்ச்சில் அடிவாரக் காடு இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். மேலே தோட்டமும் சோலையும் பச்சையாகவே இருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் ஜனவரிப் படம் ஒன்று, மார்ச் படம் ஒன்று, இரண்டையும் அடுக்கி வகைப்படுத்துங்கள். இந்த ஒரு வேலை எந்தப் புது வழிமுறையையும்விட அதிகம் உதவும். ஒரு வருடத்து ஜனவரியை இன்னொரு வருடத்து மார்ச்சோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். இலையுதிர்வு எல்லாம் காடழிப்பாகிவிடும். கோடையில் தரைத்தீ ஓடிய சரிவும் கறுப்பாகத் தெரியும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

தோட்டத்தையும் சோலையையும் பிரிப்பது இன்னும் கடினம். சென்டினல்-2-ல் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியைப் பதியும் சிவப்பு விளிம்புப் பட்டைகள் உண்டு, 20 மீட்டர் துல்லியம். அவற்றோடு விதானத்தின் சொரசொரப்பையும் சேர்த்தால் கொஞ்சம் நகரலாம். வரிசையாக நட்ட சில்வர் ஓக்கின் மேற்பரப்பு சீராக இருக்கும், சோலை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆனால் இது களத்தில் போய் எடுத்த புள்ளிகள் இருந்தால்தான். நாற்காலியில் உட்கார்ந்து கூகுள் எர்த்தில் குத்திய புள்ளிகளை வைத்து மர வகை சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கருப்பூர்க் குருவி:
குறித்துக்கொண்டேன். இன்னொரு விசித்திரம்: மலையின் வடமேற்குச் சரிவுகளில் குட்டிக் குட்டியாக நிறைய ஏரிகள் வருகின்றன. அங்கே ஏரியே இல்லை.

பிக்சல்பித்தன்:
நிழல். இந்தச் செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரைக்கு நம் தலைக்கு மேல் போகும். ஜனவரியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும், வடமேற்குச் சரிவு இருட்டில் கிடக்கும். இருட்டும் ஆழமான நீரும் எண்ணில் ஒன்றுபோலவே இருக்கும். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவிலிருந்து சரிவைக் கணக்கிட்டு, செங்குத்தான இடத்தில் நீர் என்று வந்தால் தள்ளிவிடுங்கள். சரிவில் ஏரி நிற்காது.

பாக்குமட்டை:
வாழப்பாடிக்காரன் பேசுகிறேன். மலையோடு நிறுத்தாமல் கீழேயும் கொஞ்சம் வகைப்படுத்தியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கள் பாக்குத் தோப்பும் காடாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் தோப்பை ஒட்டியிருக்கும் செம்மண் காட்டை, அதாவது மானாவாரி நிலத்தை, நகரம் என்று போட்டிருக்கிறீர்களே? அங்கே ஒரு மோட்டார் கொட்டகை தவிர வேறு கட்டடமே கிடையாது.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பத்து மாதப் பயிர். பிடுங்கி முடித்தால் வயல் வெறும் மண்தான். நீங்கள் எடுத்த ஜனவரிப் படத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் கிழங்கைப் பிடுங்கி சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்பியிருப்பார்கள்.

பிக்சல்பித்தன்:
கட்டடக் குறியீடான என்டிபிஐயின் பழைய வியாதி இது. காய்ந்த செம்மண்ணும் கான்கிரீட்டும் அதற்கு ஒன்று. வருடத்துக்கு ஒரு படத்துக்குப் பதிலாக நான்கைந்து படங்களில் அதிகபட்ச என்டிவிஐயை எடுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது பச்சையானால் வயல். எப்போதுமே ஆகாவிட்டால் கட்டடமோ பாறையோ.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிற இடத்தையும் பாருங்கள். மேக்னசைட் கழிவு மேடுகளைப் பெரிய நகரம் மாதிரி சிவப்பாகப் போட்டிருக்கிறது. ஏரிகளையும் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி தோட்டமாக வருகிறது, வறண்டு சீமைக்கருவேலம் ஏறிய ஏரி காடாக வருகிறது. ஏரியைக் காணோம் என்று கம்ப்யூட்டரே சொன்ன மாதிரி.

பிக்சல்பித்தன்:
சுரங்கத்தைக் கையால் வரைந்து தனி வகையாக வைத்துவிடுங்கள். எல்லை தெளிவாகத் தெரிகிற இடத்தில் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மலையுச்சியில் பாக்சைட் வெட்டிய இடங்களுக்கும் இதையே செய்யுங்கள். ஏரிக்கும் வருவாய்த்துறை வரைபடத்து எல்லையை எடுத்துக்கொண்டு, அதற்குள் நீர், களை, முள், வெற்றுமண் என்று பிரித்தால் செவ்வாய்ப்பேட்டையார் கேட்கிற கதை வரும்.

விடுதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். தோட்டத்துக்கு நடுவே பத்து சென்டில் கட்டிய தங்கும் விடுதி அந்த ஒரு கட்டத்துக்குள் பாதிகூட வராது, மீதி மரம், விடை மரம்தான். சென்டினல்-2-ன் கட்டம் இரண்டரை சென்ட் அளவு, அதில் தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் அது 2015-க்குப் பிறகுதான். விடுதிக் கேள்வியைத் தனியாக, கூகுள் எர்த்தின் பழைய படங்களை வைத்துக் கண்ணால் எண்ணுவது நல்லது.

கருப்பூர்க் குருவி:
ஒட்டுமொத்தத் துல்லியம் 85 சதவீதம் வந்திருக்கிறது, போதும்தானே?

பிக்சல்பித்தன்:
ஒரு வரைபடத்துக்கு 85 பரவாயில்லை. உங்களுடையது இரண்டு வரைபடங்களின் வித்தியாசம். இரண்டிலும் தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விழுந்தால் ஒரு கட்டம் இரண்டிலும் சரியாக இருக்க வாய்ப்பு 0.85 × 0.85, அதாவது 72 சதவீதம்தான். மலையில் உண்மையில் மாறிய பரப்பு சில சதவீதமாக இருந்தால், வரைபடம் காட்டும் மாற்றத்தில் பெரும்பகுதி பிழையாகவே இருக்கும். ஆகவே மாறிய இடம் என்று வருகிற கட்டங்களில் தனியாகப் புள்ளிகள் எடுத்துச் சரிபாருங்கள். பரப்பளவைச் சொல்லும்போது கூடுதல் குறைவு எல்லையும் சேர்த்து எழுதுங்கள். "காடு இத்தனை ஹெக்டேர் கூடியது" என்று தசமப்புள்ளியோடு எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

பழைய சர்வேயர்:
பரப்பளவு என்றதும் நினைவு வந்தது. யுடிஎம் என்ற வரைபட முறையில் எந்த மண்டலம் என்று பார்த்தீர்களா? மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஏற்காடு, சேலம், ஆத்தூர் எல்லாம் 44-ஆம் மண்டலம். மேட்டூர், எடப்பாடி 43. மலை மட்டும் என்றால் 44 போதும்.

கருப்பூர்க் குருவி:
மலை மட்டும்தான் ஐயா. கீழே வகைப்படுத்தியதை எடுத்துவிடப் போகிறேன், பாக்குமட்டை அண்ணன் மன்னிக்கவும். காப்புக்காட்டுக்குள் மரப்பரப்பு, வெளியே மரப்பரப்பு, நிழல்தோட்டம் என்று வகைகளை மாற்றி, ஜனவரி மார்ச் இரண்டையும் அடுக்கி மறுபடி ஓட்டுகிறேன். களப் புள்ளிக்குத் தோட்டத்துக்குள் வர அனுமதி கிடைக்குமா?

மிளகுக்கொடி:
வாங்கம்மா. பிப்ரவரிக் கடைசியில் வந்தால் பழம் பறிப்பு முடிந்திருக்கும், ஆளும் ஓய்வாக இருப்பார்கள், எந்த மரம் என்ன என்று சொல்ல அவர்களைவிட ஆளில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பேசி வைக்கிறேன். ஒரே நிபந்தனை, எந்தத் தோட்டத்தில் எத்தனை நாட்டு மரம் போனது என்று பெயர் போட்டு அட்டவணை கொடுக்கக் கூடாது.

கருப்பூர்க் குருவி:
பெயர் வேண்டாம் அண்ணா, எண் மட்டும் போடுகிறேன். ஆள்கூறுகளையும் பின்னிணைப்பில் கொடுக்க மாட்டேன்.